கிரேட்ஸீலில் ஒரு நாக்குமீன்

ஜெர்மனியில், ஆஹென் ரயில் நிலையத்தில் சந்திராவின் பெட்டியைக் கையில் வாங்கியதும் உமாபதி சொன்ன முதல் வார்த்தை, "இங்க நாம சைவம்" என்பது. 1970ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நடைமேடை ஓரமெல்லாம் பனி குவிந்து கிடந்தது. கல்யாணம் முடிந்து, விசாவுக்குக் காத்திருந்து, அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். கணவன் கேலி பேசுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

சிரிக்காமல் வேறென்ன செய்வாள்? உமாபதியின் அப்பா நாகப்பட்டினத்தில் கருவாட்டு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மறுவீட்டு விருந்தில் வஞ்சிரம் வறுவலைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்ற மாப்பிள்ளை உமாபதி. பரிமாறியவளே சந்திராதான்.

பஸ்ஸில் போகும்போது விவரம் சொன்னான். 1966இல் அவன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெரிய ஆராய்ச்சியாளராக இருந்த சேஷாத்ரி அவனை வீட்டுக்கு அழைத்திருந்தார். பெயரைக் கேட்டார். உமாபதி என்றதும், "அப்போ நீங்க சைவம்தானே?" என்றார். எதிரே நிற்பவர் ஐயங்கார், சிவனா பெருமாளா என்று கேட்கிறார் என்று இவன் புரிந்துகொண்டான். "ஆமா சார், பரம்பரையா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். சேஷாத்ரி கேட்டதோ சாப்பாட்டை. உடனே உள்பக்கம் திரும்பி, நம்மாத்திலேயே சாப்பிடட்டும், இன்னொரு தட்டு வை என்று மனைவி வத்சலாவிடம் சொல்லிவிட்டார். ரசம் வந்தபோதுதான் உமாபதிக்கு உறைத்தது. உறைத்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்த வீட்டிலேயே தங்க ஓர் அறை கிடைத்தது. சேஷாத்ரியின் ஆய்வுக்கூடத்திலேயே வேலை கிடைத்தது. அந்த வேலை ஒவ்வொரு வருடமும் அவர் கையெழுத்தில்தான் நீண்டது. கல்யாணத்துக்குப் பிறகு தனி வீடு பார்த்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இன்றைக்கும் அவர்கள் வீட்டில்தான்.

"சைவம்னுதான் சொன்னேன். அதுல என்ன பொய்?" என்று கேட்டான்.

"அதுல பொய் இல்ல. அதுக்கப்புறம் வாயை மூடிட்டு இருந்தீங்களே, அது பொய்" என்றாள் சந்திரா. ஊருக்கு வந்து வீடுகூடப் போய்ச் சேரவில்லை, முதல் சண்டை முடிந்துவிட்டது.

சந்திரா அப்படிப்பட்டவள். அக்கரைப்பேட்டைப் பக்கத்துப் பெண். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த அண்ணன் கோபாலன் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் தங்கையை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தான். கணக்கில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் வாங்கியதில்லை. ஊரில் அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் அந்த இடத்திலேயே திருப்பிக் கிடைத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் ஆஹெனில் இரண்டு வருடத்துக்கு மேல் வாயையும் வயிற்றையும் கட்டிக்கொண்டு இருந்தாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

வீட்டுக்காரி ஃப்ராவ் க்யூப்பர்ஸ் என்ற கத்தோலிக்கக் கிழவி கீழ்த்தளத்தில் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் சந்திராவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இன்றைக்கு இறைச்சி கிடையாது, வெள்ளிக்கிழமை அல்லவா என்று சொல்லி, ஒரு தட்டை முன்னால் வைத்தாள். காடியில் ஊறிய ஹெரிங் மீன். நடுவில் வெங்காயத்தை வைத்துச் சுருட்டிக் குச்சி குத்தியிருந்தது. சந்திரா அதைத் தின்றாள். பல் கூசியது, கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் மீன் மீன்தான். மாலை உமாபதி வந்து கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினான். ஊது என்றான். குடிகாரனைப் பிடித்த போலீஸ்காரனைப் போல மனைவியை ஊதச் சொன்னான். அப்புறம் குளியலறைக்கு அனுப்பிப் பல் விளக்கவைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்றபடி சொன்னான்.

"இன்னொரு தடவை வாயில வெச்சே, ஊருக்கு டிக்கெட் போட்டுடுவேன். ஒன் வே."

அந்தச் சொல்தான் அவளைக் கட்டிப்போட்டது. ஊரில் அவளுக்கு அடுத்த தங்கை அம்பிகா கல்யாணத்துக்கு நின்றாள். சீமைக்குப் போன மூத்தவள் பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் நின்றால், அம்பிகாவைக் கேட்டு எவன் வருவான்? கோபாலன் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பான்? இதை உமாபதியும் அறிவான். அறிந்துதான் அதன்பிறகு எதற்கெடுத்தாலும் டிக்கெட் என்றான். மீன்கடைக் கண்ணாடி முன் நின்றதற்கு டிக்கெட். கனவில் நெத்திலி என்று உளறியதற்கு டிக்கெட். ஜெர்மன் வகுப்புக்குப் போகும் வழியில் மீன்கடை இருக்கிறது என்று அவளை நடக்கவிடாமல் பஸ்ஸில் போகச் சொன்னான்.

வத்சலா வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திராவைச் சமையலறைக்குள் சேர்த்துக்கொள்வாள், ஆனால் எதையும் தொடவிடமாட்டாள். சந்திரா வீட்டுச் சாம்பாரை ஒருமுறை வாயில் விட்டுப் பார்த்து, "எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கே. ஆனா இது கை பழகாம பண்ணின சாம்பார்" என்று சொன்னாள். சொல்லும்போது இவளைப் பார்க்கவில்லை, உமாபதியைப் பார்த்தாள்.

1972ஆம் ஆண்டு மே மாதம் பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு, கடல் பார்க்க வேண்டும் என்று வத்சலா பிடிவாதமாகக் கேட்டாள். சேஷாத்ரி தன் ஃபோக்ஸ்வாகன் காரை எடுத்தார். ஆளுக்கொரு காரணத்தால் நால்வருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது, இருந்தும் நால்வருமே புறப்பட்டார்கள். எம்டனுக்கு வடக்கே கிரேட்ஸீல் என்ற சின்னத் துறைமுகம். சனிக்கிழமை கட்டிக்கொண்டு வந்த புளியோதரையும் தயிர்சாதமும் அன்றே தீர்ந்துவிட்டன. ராத்திரி தங்கிய விடுதியில் காலையில் ரொட்டியும் ஜாமும் கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை கரைக்கு வந்ததும் சந்திரா நின்றுவிட்டாள். இறால் படகுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. இரண்டு பக்கமும் வலையைத் தூக்கி விரித்த படகுகள், சிறகு உலர்த்தும் நீர்க்காகம் போல. படகிலேயே கடல்தண்ணீரைக் கொதிக்கவைத்து இறாலை அவித்துவிடுகிறார்கள். அந்த ஆவி கரை வரைக்கும் வந்தது. ஊர் வாசனை இல்லை அது, தாரும் டீசலும் கலந்த வேறு வாசனை. ஆனாலும் அவள் வாயில் எச்சில் ஊறியது. உமாபதி அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, "மூக்கைச் சுளி. அவங்க பாக்கறாங்க" என்றான்.

மதியம் பசிக்கு வேறு வழி இல்லை. துறைமுகத்தில் ஓர் உணவகம் திறந்திருந்தது. சேஷாத்ரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் நானே சொல்கிறேன் என்றார். அவருடைய ஜெர்மன் மீது அவருக்கு நம்பிக்கை அதிகம். தடித்த கைகளோடு நடுவயதுக்காரி ஒருத்தி, கடைக்குச் சொந்தக்காரி, வந்து நின்றாள். சேஷாத்ரி நான்கு விரலைக் காட்டி, "ஓனே ஃப்லைஷ்" என்றார். இறைச்சி இல்லாமல் நான்கு சாப்பாடு. பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் அவர் தினமும் சொல்வது அதுதான். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் உருளைக்கிழங்கும் கீரையும் வைத்துவிடுவார்கள். இங்கே அந்தப் பெண், நல்லது என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

என்ன வரப்போகிறது என்று அந்த மேசையில் தெரிந்தவள் சந்திரா ஒருத்திதான். இறைச்சி இல்லை என்று சொல்லித்தானே க்யூப்பர்ஸ் கிழவி ஹெரிங்கை வைத்தாள். இந்த ஊரில் இறைச்சி வேறு, மீன் வேறு. நாகப்பட்டினத்திலும் அப்படித்தான்: இன்றைக்குக் கறியா என்று கேட்டால், கறி எடுக்கவில்லை, மீன்தான் என்பார்கள். சேஷாத்ரி வீட்டிலோ கறி என்றால் வாழைக்காய். சார், மீனும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கண்ணாடி வழியே படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நீளத் தட்டுகள் வந்தன. சுவரில் மாட்டியிருந்த பலகையில் ஸேட்சுங்க என்று எழுதியிருந்ததை அவள் ஏற்கெனவே எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள். ஸே என்றால் கடல், ட்சுங்க என்றால் நாக்கு. தட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நாக்குமீன்! முள் குறைவு என்று ஊரில் சிறுபிள்ளைகளுக்குத் தைரியமாகக் கொடுக்கும் அதே தட்டை மீன்தான், கொஞ்சம் பெரிசு. தோலை உரித்து, வெண்ணெயில் முழுசாகப் பொரித்து, மேலே எலுமிச்சைத் துண்டு வைத்திருந்தார்கள். வெண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

சேஷாத்ரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். இறைச்சி கூடாது என்று சொன்னேனே என்று கடைக்காரியிடம் சத்தம் போட்டார். இது இறைச்சி இல்லை, மீன், இன்று காலை கடலில் இருந்தது என்று அவள் அவரைவிடச் சத்தமாகச் சொன்னாள். அவளுடைய நல்ல மீனை ஒருவன் மலத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான், கோபம் வராதா? உமாபதி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு ஓங்கரித்தான். நன்றாகவே ஓங்கரித்தான். கருவாட்டு மண்டியில் மூட்டைமேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவன்.

அந்த ஓங்கரிப்பைத்தான் சந்திராவால் தாங்க முடியவில்லை.

கடைக்காரி தட்டுகளை அள்ள வந்தபோது சந்திரா தன் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள். இது எனக்கு என்று ஜெர்மனில் சொன்னாள். கத்தியையும் முள்கரண்டியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டைவிரலால் நடுமுள்ளின் ஓரமாக அழுத்தினாள். சதை வெள்ளையாக, நீளமாக, அப்படியே பெயர்ந்து வந்தது. எலுமிச்சையைப் பிழிந்து வாயில் வைத்தாள். மிளகாய் இல்லை, புளி இல்லை, மஞ்சள்கூட இல்லை. அதனாலேயே மீன் மட்டும் தெரிந்தது. இனிப்பாக இருந்தது. புது மீனுக்கு உண்டான அந்த இனிப்பை அவள் மறந்தே போயிருந்தாள்.

"கையை எடு" என்றான் உமாபதி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் எடுக்கவில்லை. சேஷாத்ரி இன்னும் நின்றுகொண்டே இருந்தார். உமாபதியின் பக்கம் திரும்பி, "வாட் இஸ் திஸ், உமாபதி? நீங்க சைவம்னு சொன்னேளே?" என்றார்.

சந்திரா வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுப் பதில் சொன்னாள். "சைவம்தான் சார். எங்க ரெண்டு வீடும் சிவன் கோயில் தேர் இழுக்கிற வீடு. தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் விரதம் இருப்போம். மறுநாள் மீன்குழம்பு வைப்போம். நீங்க கேட்டது ஒண்ணு, அவர் சொன்னது ஒண்ணு."

கணவனுக்கு அவள் அப்போதும் ஒரு வழி வைத்துத்தான் பேசினாள். ஆமாம் சார், அன்றைக்குத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் போதும், அவ்வளவும் சிரிப்பாகப் போயிருக்கும். உமாபதி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தான். "அவ வீட்டுப் பழக்கத்தைச் சொல்றா சார். எங்க வீட்ல அந்த ஸ்மெல்லே ஆகாது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்கே தெரியும்" என்றான்.

சந்திராவின் கை அடுத்த துண்டோடு பாதியில் நின்றது. அப்போது வத்சலா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"ஆறு வருஷமா பாத்துண்டிருக்கேன்" என்றாள் வத்சலா. "எங்காத்துல உக்காந்து ரசஞ்சாதத்தை வாயில போட்டுக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு கவளத்தையும் விரலால நெருடி நெருடி முள் தேடறார். எங்காத்து ரசத்துல ஏது முள்ளு?"

உமாபதியின் விரல்கள் மேசைமேல் இருந்தன. மேசையிலிருந்து கையை எடுத்து மடிக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

சேஷாத்ரி மனைவியைப் பார்த்து, உனக்குத் தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "சைவமான்னு கேட்டது நீங்கோ. என்னை யார் கேட்டா?" என்றாள் அவள். இரண்டு பேருக்கும் நடுவில் வேறு ஏதோ பழைய கணக்கு இருந்தது, அது இந்த மீனைப் பற்றியது இல்லை. சேஷாத்ரி உமாபதியிடம், தன் தகப்பனார் திவசத்தன்று பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டதைச் சொன்னார். முகம் சிவந்திருந்தது. கடைசியில், செவ்வாய்க்கிழமை காலை அளவீடுகள் எல்லாம் என் மேசைக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவ்வளவுதான். வேலைக்கு வராதே என்று சொல்லவில்லை. அளவீடு எடுக்க அவருக்கு ஆள் வேண்டும், இவனைப் போல ஒழுங்காக எடுக்கிறவன் வேறு யார் இருக்கிறான்? ஆறு வருடம் எதற்குப் பயந்தானோ அது இவ்வளவே இருந்தது.

வத்சலாவும், அவள் பின்னாலேயே உமாபதியும் எழுந்து போனார்கள். கடைக்காரி மிச்சத் தட்டுகளை எடுத்தபோது, உமாபதியின் தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள் சந்திரா. கடைக்காரி அதை அவள் முன்னால் தள்ளிவிட்டு, இன்னும் கொஞ்சம் வெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். சந்திரா அதையும் தின்று, முள்ளை வரிசையாகத் தட்டோரம் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

உமாபதி கடல்சுவரின் மேல் அவளுக்காகக் காத்திருந்தான். புல் மூடிய உயரமான கரை அது, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று அவன் டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டிருந்தது.

"முடிஞ்சுபோச்சு. ஆகஸ்ட்ல உனக்கு டிக்கெட்" என்றான்.

இரண்டு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் யோசனை அம்பிகாவோடு நின்றுவிடும். இன்றைக்கு வயிறு நிறைந்திருந்தது. முதல்தடவையாக அந்த டிக்கெட்டை அவள் முழுசாக யோசித்துப் பார்த்தாள்: விமானம், மெட்ராஸ், ரயில், நாகப்பட்டினம் ஸ்டேஷன், அங்கிருந்து தெரு.

"போடுங்க" என்றாள். "நான் போயி இறங்கினதும் உங்க அம்மா கேப்பாங்க, ஏண்டி வந்தேன்னு. என்ன சொல்லட்டும்?"

"என்னவோ சொல்லிக்க."

"நான் என்னத்தைச் சொல்ல? நடந்ததைத்தான் சொல்லுவேன். மீன் தின்னேன், அதுக்காகத் துரத்திட்டாருன்னு சொல்லுவேன். மண்டியில மாமா மூட்டை எண்ணிட்டு உக்காந்திருப்பாரு, அவருகிட்டயும் போயி சொல்லுவேன். நாகப்பட்டினத்துலங்க! பொண்டாட்டி மீன் தின்னான்னு தள்ளிவெச்ச ஆம்பளையை அந்தக் கடைத்தெரு பாத்திருக்குமா? பூரா தெருவும் சிரிக்கும். என்னைப் பாத்து இல்ல."

உமாபதி ஆடுகளின் பக்கம் திரும்பினான். அவன் அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்பதை அவனும் மனசில் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஆடு அவனைப் பார்த்தது. சந்திரா கரையிலிருந்து இறங்கி நேராகப் படகுகளை நோக்கி நடந்தாள்.

விடுமுறைக் கூட்டத்துக்காகப் படகிலேயே வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓடு உரிக்காத இறால், சாம்பலும் சிவப்பும் கலந்த நிறம், சுண்டுவிரல்கூட இல்லை. ஊரில் இந்த அளவை வலைக்காரன் கருவாட்டுக்கு என்று ஒதுக்கிவிடுவான். மரக் குவளையால் அளந்து காகிதப் பையில் கொட்டினான் படகுக்காரன். தலையை ஒரு கையில் பிடித்து வாலை லேசாகத் திருகி இழுக்க வேண்டும் என்று செய்து காட்டினான். அவள் திருகினாள், ஓடு சட்டை கழன்றதுபோல வந்தது. உள்ளே இருந்த சின்னச் சுருளை வாயில் போட்டாள். கடல் உப்பு. நாக்குமீனைவிட இது நன்றாக இருந்தது. இன்னொரு குவளை போடச் சொன்னாள்.

இந்தப் பையோடு என் காரில் ஏறக்கூடாது என்றார் சேஷாத்ரி. ஏறட்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்றாள் வத்சலா. சந்திரா மேல் இரக்கம் ஒன்றும் இல்லை அவளுக்கு. அன்றைக்குத் தன் கணவன் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள். முந்தானையால் மூக்கை இறுக்கி மூடிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். சேஷாத்ரி வண்டியைக் கோபத்தோடு எடுத்தார்.

எம்டனும் தாண்டியாயிற்று. வெளிச்சம் இன்னும் இருந்தது. திறந்த ஜன்னல் வழியே மாட்டுச்சாண வாசனையும் குளிரும் உள்ளே அடித்தன. பின் இருக்கையில் சந்திரா பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருகி, உரித்து, தின்றாள். ஓடுகளைக் கைக்குட்டையில் சேர்த்துவைத்தாள். அவசரமே இல்லை. அவள் மென்று விழுங்கும் சத்தம் மட்டும்தான் வண்டியில் கேட்டது.

கொஞ்ச தூரம் போனபிறகு, அவள் பக்கமாக ஒரு கை மெல்ல வந்தது. உமாபதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்பவே இல்லை. முன் இருக்கைக்குத் தெரியாதபடி, தாழ்வாக, உள்ளங்கையை மட்டும் விரித்து நீட்டியிருந்தான்.

சந்திரா அந்தக் கையைப் பார்த்தாள். கைக்குட்டையிலிருந்த ஓடுகளை எல்லாம் அள்ளி அதில் வைத்தாள்.

"வெளிய போடுங்க" என்றாள்.